ஆனி மாதத்து அதிரசம்

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடையில் போன மாசி மாதம் அதிரசத்தைப் பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிவப்பு மூடி போட்டு, மூடியின்மேல் விளக்குப் படம் ஒட்டி வைத்திருந்தார்கள். தீபாவளிப் பலகாரமாம். மாசி மாதத்தில்! எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லாவில் நின்ற பெண்ணிடம் இது எந்தத் தீபாவளிக்கு என்று கேட்டேன்.

“எல்லா நாளும் வரும் லா பாட்டி. ஃபிரெஷ்தான், பயப்படாதீங்க.”

பயமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் வாங்கப் போன சீரகத்தையும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னால் மகன் சிரிக்கிறான். எல்லாம் மாவும் வெல்லமும்தானே அம்மா, ஆசைப்பட்ட அன்றைக்குச் சாப்பிட்டால் என்ன என்கிறான். மாவும் வெல்லமுமா? அப்படியானால் பொங்கல் பானையும் வெறும் அரிசிதான். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையும் வெறும் தேங்காய்ப் பூதான். ஆடிக் கூழை மார்கழியில் ஊற்ற வேண்டியதுதானே? யார் கேட்பது?

நம்மவர்கள் மட்டும் என்று இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்கும் இதே கோபம் இருக்கிறது. மூங்கிலில் வேகவைக்கிற லெமாங் சோற்றை இப்போது சாலையோரத்தில் வருடம் முழுவதும் சுட்டு விற்கிறார்கள். நோன்பே பிடிக்காமல் என்ன ராயாப் பெருநாள் என்று அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்பார். அதுதானே என்று நான் இந்தப் பக்கம் சொல்வேன். அவர் அவருடைய மொழியில் திட்டுவார், நான் என் மொழியில் திட்டுவேன். நல்ல பழக்கம் எங்களுக்கு.

இந்தக் கோபம் எனக்கு வயதானதால் வந்தது என்று மகன் நினைக்கிறான். கிடையாது. ஒன்பது வயதில் இதைவிடப் பெரிதாக வந்தது.

அப்போது நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு கொண்ட லயம். எங்களுடையது நடு வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா, நான்கு பேர். கடைசி வீட்டில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. அத்தை வாயைத் திறந்தால் எங்களை வேலை வாங்குகிற மண்டோரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கிப் போவார்.

அந்த வருடத்துக்கு முந்தைய புரட்டாசியில் தாத்தா இறந்துபோனார். அப்பாவுக்கும் அத்தைக்கும் தகப்பனார். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. சட்டி வைப்பது என்றால் பலகாரம் சுட அடுப்பில் எண்ணெய் காய வைப்பது. மீன் பொரிக்கலாம், அப்பளம் பொரிக்கலாம், அது கணக்கில் இல்லை. பலகாரத்துக்காகச் சட்டி ஏறக் கூடாது. அடுத்த மாதமே தீபாவளி வந்தது. எங்களுக்குப் புதுச் சட்டை இல்லை, மத்தாப்பு இல்லை, அதிரசம் இல்லை.

மற்ற வீடுகளிலிருந்து தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பதும் முறைதான். ஆனால் அவர்கள் சுட்ட அதிரசம் எங்கள் தோட்டத்தில் விளைவது என்ன என்பதைப் பல்லுக்கு ஞாபகப்படுத்தும். அம்மா சுடுவது அப்படி இருக்காது. விளிம்பு மொறுமொறுவென்று, நடுவில் பிட்டால் பாகு மினுங்கும். அம்மா ஒன்றே ஒன்று சுட்டுத் தர மாட்டாரா என்று அழுதேன். அம்மா என்னைத் தூக்கி வாசலில் உட்காரவைத்து, தாத்தாவுக்கு மரியாதை தெரியாத பிள்ளை என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டினார். அத்தைகூட, “சின்னப் புள்ளதானே, விடு” என்றார். அம்மா விடவில்லை. முறை என்றால் முறை. நானும் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், அதற்குப் பிறகு எந்த வீட்டிலாவது விளக்கு வைத்த பிறகு குப்பை கூட்டினால்கூடப் போய்ச் சொல்லிக் காட்டுகிற பிள்ளையாகவும் மாறிவிட்டேன்.

ஆனி மாதம் வந்தது. தாத்தாவுக்கு வருடம் திரும்ப இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஒரு நாள் மதியம் பள்ளிவிட்டு வருகிறேன். ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, சாய்ந்திருக்கிற நேரம். எங்கள் வீட்டுச் சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அந்த வெயிலில் எந்தப் பைத்தியம் சன்னலைச் சாத்தும்? கதவைத் தள்ளினேன். ஏலக்காயும் வெல்லமும் எண்ணெயும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது.

அடுப்பில் சட்டி இருந்தது. அம்மா வாழையிலைத் துண்டில் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து நாளாகக் கட்டிலுக்கு அடியில் ஒரு பானை துணியால் வாய் கட்டிக் கிடந்ததும், அதைத் தொட்டதற்கு எனக்குக் கையில் ஓர் அடி விழுந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அதற்குள் ஊறிக் கிடந்தது அதிரச மாவு.

இது போதாதென்று பின்கட்டில் மாமா தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு எண்ணெய்க் குளியல். கொடியில் ஒரு புதுச் சட்டை தொங்கியது. அதன் கழுத்துப் பட்டையில் மஞ்சள் தடவியிருந்தது. தீபாவளிச் சட்டைக்குத்தான் அப்படித் தடவுவார்கள். எனக்கு இல்லாத சட்டை. எனக்கு இல்லாத மஞ்சள்.

“என்னம்மா இது, இன்னிக்கி என்ன?”

“ஒண்ணுமில்ல. கதவச் சாத்து. வாய மூடிக்கிட்டு உள்ள வா.”

மாமாதான் சிரித்தார். “இன்னிக்கி எனக்குத் தீவாளி, மருமகளே. மாமன் ஊருக்குப் போறேன். அதான் அக்கா எனக்கு மட்டும் தனியா வரவழைச்சிருக்கு.”

இந்த ‘ஊர்’ என்ற சொல்லை நான் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தில் ஊர் என்றால் இந்தியாதான். நாங்கள் இருந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். கண்காணி வீட்டார் ஊருக்குப் போனார்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள், எனக்கு ஒரு ஜோடி கண்ணாடி வளையல் கொடுத்தார்கள். ஆகவே ஊர் என்பது போய்விட்டு வளையலோடு திரும்பி வருகிற இடம். மாமாவுக்குக் கப்பல் பயணமும் கிடைக்கிறது, புதுச் சட்டையும் கிடைக்கிறது, ஐப்பசிக்கு நான்கு மாதம் முன்னாலேயே அதிரசமும் கிடைக்கிறது. எனக்கு வாயை மூடிக்கொண்டு உள்ளே வரும் உரிமை கிடைக்கிறது.

நான் உள்ளே போகவில்லை. திரும்பி ஓடினேன், அத்தை வீட்டுக்கு.

அத்தை வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று, “அத்தே, எங்க வூட்ல சட்டி வச்சிட்டாங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. “அதிரசம் சுடுறாங்க அத்தே. சன்னல சாத்திக்கிட்டு. மாமாவுக்கு” என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கடைசிச் சொல்தான் வேலை செய்தது. அத்தை நெத்திலி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். கூந்தலை உதறி முடிந்தார். அவர் அப்படி முடிந்தால் லயத்தில் நாய்கூட எழுந்து நிற்கும்.

சன்னலைச் சாத்தினால் வாசனை நின்றுவிடுமா? குழாயடியில் பெண்கள் ஏற்கனவே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி இல்லாத காலத்தில் எண்ணெய் காய்ந்தால் எங்கள் லயத்தில் அதற்கு இரண்டு காரணம்தான். கல்யாணம், இல்லையென்றால் ஒரு பெண் வயதுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் கல்யாணம் நிச்சயமாகவில்லை. அத்தைக்குப் பின்னால் ஓடிய என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏண்டி, நீயா? பெரிய மனுசி ஆயிட்டியா?”

“பெரிய மனுசியா? மூக்கு ஒழுகுது பாரு அதுக்கு!”

“ஆனவ இப்படியா ஓடுவா? பிடிச்சி மூலையில குந்த வைங்கடி!”

அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நியாயம் கேட்கப் போகிற ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பா அது?

அத்தை வாசலில் நிற்காமல் நேராக அடுப்படிக்கே போய்விட்டார். மாமா அதற்குள் குளித்து, அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார். இலையில் நான்கு அதிரசம். ஒன்றைப் பிட்டுக் கையில் வைத்திருந்தார்.

“எங்கப்பன் செத்து வருசம் திரும்பலடி! ஒந்தம்பிக்குப் பலகாரமா கேக்குது? தீவாளிக்குப் புள்ள அழுதப்ப என்ன பேச்சுப் பேசுன?”

நான் கதவோரத்தில் நின்று தலையை ஆட்டினேன். நான் கேட்க நினைத்ததை ஒரு சொல் விடாமல் அத்தை கேட்டுவிட்டார்.

மாமா எழப் போனார். “சத்தம் போடாதீங்க அண்ணி, நான் எந்திரிச்சிர்றேன்” என்றார். அம்மா திரும்பாமலே, “நீ உக்காரு” என்றார். சட்டியில் கிடந்ததைத் திருப்பிப் போட்டார். பிறகு அத்தையைப் பார்க்காமல், எண்ணெயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கப்பலு வெள்ளிக்கெழம, அண்ணி.”

அத்தை அடுப்புக்குக் கிட்டே வந்தார்.

“அப்ப, பெர்மிட்டு?”

“இல்லன்னுட்டாங்க.”

இது என்ன பேச்சு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பின்னால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அம்மா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். நடுவில் அம்மாவைப் பெற்றவர்கள் ஒருமுறை ஊருக்குப் போனபோது மாமா அங்கே பிறந்துவிட்டார். மூன்று மாதக் குழந்தையாக இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் மிதித்ததெல்லாம் இந்த மண்தான். ஆனாலும் அடையாள அட்டை என்று வந்தபோது அக்காவுக்குக் குடிமக்களின் நீல ஐ.சி., தம்பிக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐ.சி. சிவப்பு வைத்திருந்தவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த வருடங்கள் அவை. சிலருக்குக் கிடைத்தது. சிலருக்கு இல்லை. மாமா ஆறு முறை கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறிப் போய்க் காத்துக் கிடந்தார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரை ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிறம் பார்த்துப் பிரித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு அதிரசம், லெமாங் எல்லாவற்றின்மேலும் வருகிற கோபத்தை ஒன்றாகச் சேர்த்தாலும் போதாது.

இல்லை என்று கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு ஒப்பாரி வைப்பார்கள், கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று மாமா கேட்டுக்கொண்டதால் அப்பாவும் அம்மாவும் வெளியில் மூச்சுவிடவில்லை. அப்படிப் போனவர்கள் திரும்பி வருவதற்கு வழி இல்லை. ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள், யார் அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்து, சட்டை எடுத்து, பலகாரம் சுட்டுத் தீபாவளி செய்யப் போகிறார்கள்? அதனால் அம்மா தாத்தாவையும் பார்க்கவில்லை, மாதத்தையும் பார்க்கவில்லை. தன் கையால் இனி செய்ய முடியாத தீபாவளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்றைச் செய்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார்.

அத்தை புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தினார்.

“இப்பிடியா தீ வைப்ப? செவந்து போவுது பாரு. தள்ளு அந்தாண்ட. எங்கப்பன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அம்மா தட்டிக் கொடுக்க, அத்தை சுட்டார். வெந்ததை எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிந்தார். இருவர் கன்னத்திலும் வியர்வை ஓடியது. வியர்வை என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு விள்ளல் வாயில் போடவில்லை. அவர்களுக்கு அது துக்க வருடம். அந்த முறையை அவர்கள் தங்கள் வாயளவில் விடாமல் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் அழைத்து வந்த நீதிபதி எதிராளியின் அடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டார் என்பது மட்டும்தான் பட்டது.

மாமா தன் இலையிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு என்னை நோக்கி நீட்டினார்.

“வா மருமகளே. மாமன் கையால ஒரு வாய்.”

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வாங்கிக்கடி” என்றார் அம்மா. எப்போதும் ஒரு தடவை சொல்லி இரண்டாவது தடவைக்குக் கையை ஓங்குகிற அம்மா, அன்றைக்குக் கையை ஓங்கவில்லை. மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அது கெஞ்சல் மாதிரி இருந்தது. “மாமாவுக்காக ஒரு வாய் தங்கம். ஒரே ஒரு வாய்.”

அம்மா என்னைத் தங்கம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. லஞ்சம் கொடுக்கிறார் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பிட்ட இடத்தில் பாகு மினுங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

“தீவாளிக்குத்தான் திம்பேன்.”

மாமாவின் கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். “அவ சொல்றது ஞாயம்தானே அக்கா?” என்றார். அந்தத் துண்டை இலையில் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எடுத்துச் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

கடைக்காரப் பெண்ணுக்கும் என் மகனுக்கும் இதை எப்படிச் சொல்வது? காலம் தவறிச் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் அம்மா காலம் தவறிச் சுட்டார், அதற்குக் கூடப்பிறந்த தம்பியை விலையாகக் கொடுத்தார். சும்மா இருக்கிற நாளில், டிவி பார்த்துக்கொண்டே, வாய் நமநமக்கிறது என்று டப்பாவைத் திறந்து தின்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காரணம் இல்லாமல் அதிரசத்தை வாயில் வைக்கலாம் என்று யார் சொன்னது?

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து லோரி லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. கிள்ளான் துறைமுகத்துக்கு எங்கள் லயத்திலிருந்து மாமா, மேட்டு லயத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி, அவர்களோடு ஒரு கிழவர். தகரப் பெட்டிகளை ஏற்றினார்கள். அன்றைக்குக் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குக்கூடப் பாதிப்பேர் போகவில்லை. அம்மாவும் அத்தையும் மீந்த அதிரசத்தை ஒரு பால் மாவு டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டி, மாமாவின் மடியில் வைத்தார்கள்.

நான் குழாயடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் போகக் கூடாது என்று தீர்மானம். மாமா கூப்பிடவில்லை. லோரி கிளம்பியபோது பின்பலகையைப் பிடித்து நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“போயிட்டு வர்றேன் மருமகளே!”

அந்தக் கிழவரும் அதையே சொன்னார், புருஷன் பெண்சாதியும் அதையே சொன்னார்கள். போகிறேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. போய்விட்டு வருவதாக அவர்களே தங்கள் வாயால் சொல்லிவிட்டார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று விரலை மடக்கிப் பார்த்தேன். தீபாவளிக்கு நிச்சயம் வந்துவிடலாம். அப்புறமும் அம்மா மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார், அத்தை அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார், குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்த பெண்களெல்லாம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். சொன்ன சொல்லை நம்பாமல் இப்படி ஊரைக் கூட்டி அழுகிறார்களே, போய்விட்டு வரப்போகிற ஒரு மனிதருக்கு எதற்கு இத்தனை அழுகை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.